வடகடலை வரைய எது தோது: மணலா, மாடலா, ஜிபிஎஸ்ஸா?

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வாடைக்காலம். பாக் விரிகுடாக் கரையில் ஒரு சின்ன ஊரின் கமிட்டிக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். "நம்ம கடலுக்கு நாமளே ஒரு மேப் போட்டு வச்சுக்கணும்" என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எப்படிப் போடுவது என்று பேச்சு வந்ததும் மூன்று கட்சியாகிவிட்டது. இளவட்டங்களுக்குப் போன் ஆப் வேண்டும். தலைவருக்கு, வெளியாள் யாரையாவது கூப்பிட்டுக் காசு கொடுத்து வேலையை முடித்துவிட வேண்டும். வலைக்குவியல் மேல் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும், "எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டா இழுவலைக்காரனுக்கு நாமளே வழி காட்டின மாதிரி ஆயிரும் தம்பி" என்றார். இழுவலை என்றால் விசைப்படகு கடலடியை வாரி இழுத்துப் போகும் வலை.

மூவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு வடகடல் (பாக் விரிகுடா), தென்கடல் (மன்னார் வளைகுடா) இரண்டு பக்கமும் சில ஊர்களில் இந்த வேலையை வேறு வேறு விதமாகச் செய்து பார்த்தாயிற்று. உங்கள் ஊரிலும் இதே பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில், படம் எதற்கு என்ற கேள்வி. கடல் நமக்கு மனப்பாடம், படம் என்னத்துக்கு என்று கேட்பவர்கள் உண்டு. சிக்கல் என்னவென்றால், நம் கடலுக்கு ஏற்கெனவே படங்கள் இருக்கின்றன. அவற்றை நாம் போடவில்லை, அவ்வளவுதான். மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகளையும் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். கடல்பசு என்றால் நம் ஆவுளியாதான். இவை போகக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலப் படம் ஒன்று இருக்கிறது. மீன்பிடி இடங்களையும் மீன் குஞ்சு பொரிக்கும் இடங்களையும் அதில் குறிக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கை சொன்னது. யாரைக் கேட்டுக் குறிப்பார்கள்? ஊர் தன் பங்குக்கு ஒரு தாளை நீட்டாவிட்டால் அந்த இடம் வெறும் நீலமாகத்தான் இருக்கும்.

அப்புறம், படம் போய்ச் சேரும் இடம். பாதுகாப்பகம் என்றால் வனவிலங்குச் சட்டப்படி அதற்கு ஒரு மேலாண்மைக் குழு உண்டு. பாதுகாப்பகம் எந்தெந்த ஊராட்சி எல்லைக்குள் வருகிறதோ அந்த ஒவ்வொரு ஊராட்சிக்கும் அதில் ஒரு பிரதிநிதி இடம் இருக்கிறது. அந்த நாற்காலியில் உட்காருகிறவர் கையில் என்ன வைத்துக்கொண்டு பேசப்போகிறார் என்று யோசித்தால், எந்த வழி தோது என்பது பாதி தெளிந்துவிடும்.

சரி, வழிகளைப் பார்ப்போம்.

செலவே இல்லாதது மணல். சாயங்காலம் படகு கட்டும் இடத்தில் பத்துப் பேர் கூடி, ஒரு குச்சியால் கரையை இழுத்து, அதற்கு மேல் அவரவர் கடலைப் போடுவது. நான் பார்த்தவரை யாரும் கடலிலிருந்து தொடங்கியதில்லை. முதலில் கோயில் கோபுரமோ சர்ச் கோபுரமோ வரும். அடுத்து ஒற்றைப் பனை, செல்போன் டவர். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் பிடித்துத்தானே கடலில் இடம் பார்க்கிறார்கள், அதனால் கரை அடையாளம் இல்லாமல் அவர்களுக்குக் கடலே நிற்காது. பிறகுதான் சிப்பி வைத்து நண்டுவலை இடம், செருப்பைக் கழற்றி வைத்துப் பார் (கடலடிப் பாறைத்திட்டு), கட்டக்கோரை என்னும் கடல்பாசிக் கொத்து வைத்துப் பாசித் தரை. தூரமெல்லாம் நேரக் கணக்கு: "இஞ்சின் போட்டா அரைமணி". ஆழமெல்லாம் பாகம், அதாவது கை விரித்த அளவு.

இந்தப் படத்துக்கு அளவு கிடையாது. ராத்திரி நாய் ஓடினால் படமே கிடையாது. எந்த அதிகாரியும் இதன் புகைப்படத்தைக் கோப்பில் வைக்க மாட்டார். ஆனாலும் கடலை வரைவதென்றால் நான் எந்த ஊரிலும் இதைத் தவிர்க்கமாட்டேன். காரணம், பெயர்கள். கடலில் ஒவ்வொரு பாருக்கும் சேற்றுக்கும் பெயர் இருக்கிறது, மணலில் குனிந்து சண்டை போடும்போதுதான் அவை வெளியே வருகின்றன. போனைக் கையில் கொடுத்தால் யாரும் பெயர் சொல்வதில்லை, "இங்கதான்" என்று விரலை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இன்னொன்று, மணலில் தப்பாகப் போட்டால் காலால் அழித்துவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்தத் தைரியம் வரும்.

பெண்களைத் தனியாக உட்கார வையுங்கள். இதை யோசனையாகச் சொல்லவில்லை, அடித்துச் சொல்கிறேன். ராமநாதபுரம் கரையில் பாசி எடுப்பது பெரும்பாலும் பெண்கள் வேலை. விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி எடுக்கும் வேலை. மரிக்கொழுந்துப் பாசி எந்தக் கல்லில் பிடிக்கும், எந்த இடத்தில் வேரோடு பிடுங்கிவிட்டால் மறுபடி வராது என்பதெல்லாம் ஆண்களுக்குத் தெரியாது. மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் இவர்கள். சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் தீவுச் சூழலைக் காக்கும் சீகாலஜி அமைப்பின் விருது கிடைத்ததும் இந்த வேலையையொட்டித்தான். ஒரு கலப்புக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் ஆண்களே பேசினார்கள். முடிந்து எழுந்தபோது ஒரு அக்கா என்னிடம், "நீங்க போட்டதுல நாங்க போற எடம் ஒன்னுகூட இல்லையே" என்றார். அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுநாள் திரும்பத் தொடங்கினோம்.

அடுத்த வழி, அச்சடித்த படத்தின் மேல் டிரேசிங் தாளை விரித்துக் குறிப்பது. அடியில் போடும் படம் டேராடூனில் உள்ள தேசிய நீர்வரைவியல் அலுவலகம் வெளியிடும் கடல் வரைபடமாக இருக்கலாம், செயற்கைக்கோள் படமாகவும் இருக்கலாம். மணல் பேச்சில் வந்த பெயர்கள் இங்கே ஓர் இடத்தில் உட்காருகின்றன. தாளின் நான்கு மூலையிலும் அச்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துவிட்டால், பிறகு கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் தெரிந்த ஒரு காலேஜ் பையன் அதைக் கணினியில் ஏற்றிவிடுவான். வனத்துறை ஆபீசில் கேட்கும் "ஷேப் ஃபைல் (கணினி வரைபடக் கோப்பு) இருக்கா?" என்ற கேள்விக்கும் பதில் தயார்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு சின்ன விஷயம் பேனா. 1:50,000 அளவுப் படத்தில் 1 மில்லிமீட்டர் கோடு என்பது கடலில் 50 மீட்டர். தடி மார்க்கரை எடுத்து எல்லை போட்டால் கோட்டுக்குள்ளேயே ஒரு கரைவலை விரிக்கலாம். எனவே மெல்லிய பேனா, அல்லது பெரிய அளவில் அச்சிட்ட தாள்.

இன்னொன்று தாளைப் போடும் திசை. அச்சுப் படத்தில் வடக்கு எப்போதும் மேலே. மண்டபத்தில் வடகடல் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு இது பொருந்துகிறது, அவர் பார்க்கும் பக்கம்தான் கடல். அதே தாளைத் தென்கடல் ஊரில் விரித்தேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. படிக்கத் தெரியாததால் தயங்குகிறார்கள் என்று நான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டான். கடல் எதிரே வந்தது, பேச்சும் வந்தது. அதிராம்பட்டினம் பக்கமும் கடல் தெற்கே இருப்பதால் அங்கேயும் இதே கதைதான்.

செயற்கைக்கோள் படம் அழகாக இருக்கும், நம்பிவிடத் தோன்றும். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றித் தண்ணீர் தெளிந்திருக்கும் நாளில் எடுத்த படம் நிஜமாகவே உதவும். வடகடலில் சேறு கலங்கினால் தரை தெரியாது, கரும்பச்சைத் திட்டு மட்டும் தெரியும். அது கடற்புல்லா, பாசியா, பாரா என்று படத்துக்குத் தெரியாது, அதன் மேல் வலை போட்டவருக்குத் தெரியும். ஆவுளியா மேய்வது கடற்புல்லில் என்பதால் பாதுகாப்பகப் பேச்சில் இந்த வித்தியாசத்துக்குத்தான் மதிப்பு.

காலம் என்ற சிக்கலும் இருக்கிறது. கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், படகுகள் வடகடலுக்கு மாறும். வாடையில் இது தலைகீழ். ஒரே தாளில் வருஷம் முழுவதையும் அடக்கினால், வெளியாள் பார்த்துவிட்டு "இங்கே ஆறு மாசம் யாருமே வர்றதில்லையே" என்று அந்த இடத்தை மூடச் சொல்வார். வாடைக்கு ஒரு டிரேசிங் தாள், கச்சானுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட்டு, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பதுதான் நான் கண்ட நல்ல முறை. தாள் வழிக்கு இருக்கும் பெரிய பலமும் இதுதான்.

மூன்றாவது வழி முப்பரிமாண மாடல். அட்டையை ஆழக்கோட்டு வடிவில் வெட்டி அடுக்கி, கடலடியையே மேசை மேல் கட்டுவது. ஃபிஜியின் ஓவலாவ் தீவில் 2005-ல் இப்படி ஒன்றைக் கட்டினார்கள். அட்டை அடுக்கும் வேலையைப் பள்ளிப் பிள்ளைகள் செய்ய, நிலத்திலும் கடலிலும் எது எங்கே என்று பெரியவர்கள் வண்ணமும் நூலும் குண்டூசியும் வைத்து நிரப்பினார்கள். பார்க்க ஆசையாக இருக்கும். நம் ஊருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1:10,000 அளவில் 448 சதுர கிலோமீட்டர் என்பது கிட்டத்தட்ட நாலரைச் சதுர மீட்டர் மேசை, அதாவது ஒரு கல்யாண மேடை ஓரம். அது பரவாயில்லை. ஆழம்தான் இடிக்கிறது: 10 மீட்டர் ஆழம் அதே அளவில் 1 மில்லிமீட்டர். பத்து மடங்கு தூக்கிக் காட்டினாலும் 1 சென்டிமீட்டர். வடகடல் அப்படியொரு தட்டு, அதை மாடலாகக் கட்டினால் சாப்பாட்டு மேசை மாதிரிதான் இருக்கும். ஃபிஜியில் மலையும் சரிவும் இருந்தன.

தென்கடலில், தீவும் பாரும் திடீரென்று விழும் இடங்களில், இதற்கு அர்த்தம் உண்டு. பவளக்கல்லை வெட்டியெடுத்ததால் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி இரண்டு தீவும் தண்ணீருக்குள் போய்விட்டதைப் பள்ளிப் பிள்ளைக்குக் காட்ட அட்டை மாடலைவிட நல்லது எதுவுமில்லை. ஆனால் மேசைக்கு ஒரு அறை வேண்டும், கரையானும் ஈரமும் அதைத் தின்னும். ஊரில் நிரந்தரமாக ஒரு பூட்டிய அறை இல்லையென்றால் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

நான்காவது, இளவட்டங்கள் கேட்ட ஜிபிஎஸ். படகில் ஏற்கெனவே இருக்கும் கருவியிலிருந்து பாயின்ட்டுகளை (இடத்தின் அச்சரேகை, தீர்க்கரேகை எண்களை) எடுக்கலாம், அல்லது கோபோ டூல்பாக்ஸ் மாதிரி இலவச ஆப் ஒன்றைப் போனில் போட்டுக்கொண்டு கடலுக்குப் போகலாம். துல்லியம் என்று பார்த்தால் இதற்குப் பக்கத்தில் வேறெதுவும் வராது. நான் இதில் வாங்கிய அடியைச் சொல்லிவிடுகிறேன். படகுக் கருவியில் 9°15.50' என்று இருந்தது. பாகையும் நிமிடமும். நான் அதை விரிதாளில் 9.1550 என்று அடித்துவிட்டேன். 15.50 நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும், சரியான எண் 9.2583. படத்தில் ஏற்றியபோது ஊர்க்காரர்களின் நண்டுவலை இடமெல்லாம் 11 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய் விழுந்திருந்தது. கூட்டத்தில் விரித்துக் காட்டும் வரை எனக்கு உறைக்கவில்லை. "எங்க நண்டை தென்கடல்ல கொண்டுபோயி விட்டுட்டீங்களே தம்பி" என்று சிரித்துவிட்டார்கள், நல்லவேளை. அதே படம் நேராக ஓர் ஆபீசுக்குப் போயிருந்தால்? தாளில் தப்புப் போட்டால் ஊரே பார்த்துத் திருத்தும். எண்ணில் தப்புப் போட்டால் அடித்தவனுக்கே தெரியாது.

ஆனால் ஜிபிஎஸ்ஸில் என் பெரிய தயக்கம் இந்தத் தப்பு இல்லை, பெரியவர் சொன்ன விஷயம்தான். ஒரு பாரின் பாயின்ட் என்பது குடும்பச் சொத்து. கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது ஐந்தரைக் கிலோமீட்டர், நாட்டுப்படகுக்கு என்று 1983-ஆம் வருஷச் சட்டம் ஒதுக்கியது. ராத்திரி அதற்குள் இழுவலை வருவது எல்லோருக்கும் தெரிந்ததே. துல்லியமான பாயின்ட் பட்டியல் ஒருமுறை வாட்ஸ்அப்பில் போய்விட்டால் திரும்ப வராது. நான் இப்போது ஒப்புக்கொள்வது இவ்வளவுதான்: எல்லைக்கு ஜிபிஎஸ் சரி. படகுத்துறை வாய், வலை காயும் இடம், கடற்புல் திட்டின் விளிம்பு, இழுவலை வந்து வலையை அறுத்த இடம் இவற்றுக்கும் சரி. மீன் பிடிக்கும் இடத்துக்குப் பாயின்ட் வேண்டாம். கேட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, "இந்தக் கட்டத்துக்குள்" என்று மட்டும் கொடுக்கலாம்.

தேசியப் பூங்கா எல்லையில் இடம் தகராறு வந்தால் மட்டும் ஜிபிஎஸ் கூடப் போதாது. பூங்கா எல்லை தீவின் கரைப் பக்கம் மூன்றரைப் பாகம், வெளிக்கடல் பக்கம் ஐந்து பாகம் ஆழம் வரை என்று அறிவிக்கப்பட்டது. எல்லையே ஆழத்தில் இருக்கிறது, தண்ணீர் மேல் தெரியாது. அங்கே நூலில் ஈயக்குண்டு கட்டி ஆழம் பார்த்தே ஆக வேண்டும். அரசாங்கப் பாகம் 6 அடி. நம் பாகம் இரண்டு கையையும் விரித்த நீளம். ஒரு நாள் டேப் வைத்து அளந்தோம், ஒருவருக்கு 5 அடி 4 அங்குலம், இன்னொருவருக்கு 5 அடி 9. ஐந்து பாகத்தில் ஒருவர் கணக்குக்கும் இன்னொருவர் கணக்குக்கும் இரண்டடி வித்தியாசம். ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் தரையில் அந்த இரண்டடி, எல்லையை 600 மீட்டர் தள்ளிப் போட்டுவிடும். ஆகவே அளந்தது யார் கை என்பதையும் தாளில் எழுதிவையுங்கள்.

ஐந்தாவது வழி கொஞ்சம் வேறு மாதிரி. இடம் எங்கே என்பதோடு நிற்காமல், எவ்வளவு முக்கியம் என்றும் கேட்பது. கலிஃபோர்னியாவில் 1999-ஆம் வருஷச் சட்டத்தின்படி கடல் பாதுகாப்புப் பகுதிகளை ஒதுக்கும்போது மீனவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து, நூறு காசு இருப்பதாக வைத்துக்கொண்டு தங்கள் இடங்களுக்குப் பிரித்து வைக்கச் சொன்னார்கள். தனித்தனி ஆளின் தகவல் வெளியே போகாது, எல்லாரையும் கூட்டித்தான் படம் வரும். நம் ஊரில் புளியங்கொட்டை போதும். நூறு கொட்டையை ஒருவர் பத்து இடத்தில் பரப்பி வைப்பார், இன்னொருவர் எழுபதை ஒரே இடத்தில் குவிப்பார். அந்த எழுபது விழுந்த இடத்தை மூடினால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். "இந்தப் பகுதியை மூடப்போகிறோம்" என்று பேச்சு அடிபடத் தொடங்கியிருந்தால் மற்ற எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு முதலில் இதைச் செய்யுங்கள். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் 2004-ல் மீன்பிடிக்கக் கூடாத பகுதி 4.5 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்ந்தது. அப்போது 31,000-க்கும் மேற்பட்ட மனுக்கள் போயிருக்கின்றன. இப்படி ஒரு மாற்றம் வரும்போது கையில் கணக்கில்லாதவன் பேச்சு எடுபடாது. இதன் குறை, நாள் பிடிக்கும். ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம், அதுவும் அவர் தூக்கம் தொலைத்துக் கடலிலிருந்து வந்த பிறகு.

ஆன்லைனில் ஆளாளுக்கு வரையும் தளங்களும் இருக்கின்றன. எங்கள் கரையில் அதை வரைந்தவர்கள் கடலுக்குப் போகாதவர்கள்தான், விட்டுவிடுவோம்.

அப்படியானால் எது? கரைப்பக்க நிலம் பறிபோகும் பயம்தான் உங்கள் ஊருக்கு என்றால், மணலோடும் ஜிபிஎஸ்ஸோடும் மினக்கெட வேண்டாம். வருவாய்த்துறைப் புலப்படத்தின் மேல் டிரேசிங் தாள், அதில் படகு கட்டும் இடம், வலை காயும் இடம், கருவாடு காயும் இடம், ஊரின் வீட்டுத்தேவைக்கான இடம். கடற்கரை மண்டலப் படத்துக்கு ஆட்சேபம் எழுத இது போதும். பாதுகாப்பகக் குழுவுக்கு என்றால் மணலில் தொடங்கி, இரண்டு பருவத் தாள், கடற்புல் விளிம்புக்கு மட்டும் ஜிபிஎஸ். இடத்தை மூடும் பேச்சு வந்துவிட்டது என்றால் புளியங்கொட்டை. வெளியாளுக்குக் காசு கொடுத்து முடித்துவிடலாம் என்ற தலைவரின் யோசனையை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். நான் பார்த்த ஓர் ஊரில் அப்படி எடுத்த படம் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, அதில் உள்ள பெயர்களில் பாதி ஊரில் யாரும் சொல்லாதவை. மூலக் கோப்பு யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன், தெரியவில்லை.

எந்த வழி எடுத்தாலும் பேனாவைத் தொடும் முன் கமிட்டி தீர்மானப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள்: எதை வரையமாட்டோம், மூலத்தாள் யார் பொறுப்பில். அந்தச் சின்ன ஊரில் அப்படித்தான் செய்தார்கள். மூலத்தாள்கள் வலைக்கயிறு வைக்கும் தகரப் பெட்டியில், இரண்டு பூட்டு, சாவி இரண்டு வீட்டில். வெளியே கொடுப்பது கட்டம் போட்ட நகல் மட்டும். பெரியவரும் உட்கார்ந்து நாலு பெயர் சொன்னார். அவருடைய சொந்தப் பாரைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

தென்கடல் ஊரில் பெண்கள் போட்ட தாள்தான் இன்னும் தீராமல் கிடக்கிறது. அவர்கள் பாசி எடுக்கும் இடங்களில் பல, தீவை ஒட்டி, பூங்கா எல்லைக்குள் வருகின்றன. அந்தத் தாளை வனத்துறையிடம் கொடுத்தால் எத்தனை காலமாக இதை நம்பிப் பிழைக்கிறோம் என்பதற்கு அத்தாட்சி. அதே தாள்தான் எங்கே போய் அவர்களைப் பிடிக்க வேண்டும் என்பதற்கும் வழிகாட்டி. மூன்று கூட்டம் பேசியாயிற்று. "இடத்தைக் காட்ட வேணாம், எந்த மாசம் எத்தனை நாள் எடுக்கிறோம், எப்படிக் கிள்ளுறோம்கறத மட்டும் எழுதிக் கொடுப்போம்" என்று ஒரு அக்கா சொன்னார். அடுத்த கூட்டத்தில் அதைத்தான் பேசப்போகிறோம். தாள் அதுவரை பெட்டியில் இருக்கும்.